நஸீருடைய மேசைக்கு எந்த சிஸ்டம்

"…அப்ப கண்ணுள்ள ஆக்கள் எல்லாரும் பாத்து முடிஞ்சிதானே? இனி நான் ஒருக்கா கேட்டுப் பாக்கட்டா, சேர்?"

சொன்னவர் நஸீர். எங்கள் கந்தோரில் எழுத்துவேலை பார்க்கும் லிகிதர். கண் பார்வை இல்லாதவர். சொன்ன இடம் முகாமையாளரின் அறை. நாங்கள் எல்லோரும் ஒரே கொம்பியூட்டரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். வெளியே வாங்குகளில் உட்கார்ந்து, கற்பிட்டியிலிருந்து உடப்பு வரைக்கும் உள்ள மீனவர் சங்கங்களின் தலைவர்மார் பிளேன்டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நஸீர் கதவு நிலையில் ஒரு கையை ஊன்றியபடி இதைக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் இப்போதுதான் கந்தோர்களில் கொம்பியூட்டர் பராமரிக்கிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நான் அதை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் என்னுடைய போன் ஓய்வு பெறவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் உங்களில் யாராவது ஒருவர் என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டுக் கேட்ட கேள்வி வந்து கிடக்கும். "நானா, விண்டோஸா லினக்ஸா?" "நானா, காசு கட்டுற வேர்டா, சும்மா கிடைக்கிறதா?" உண்மையைச் சொன்னால், இந்தக் கேள்வியைப் பார்த்ததுமே எனக்குக் கொட்டாவி வருகிறது. கேட்பவர் மேல் கோபம் இல்லை. எத்தனை தரம் இதே கேள்வியைச் சுற்றி நின்று மனிதர்கள் சண்டை பிடித்ததைப் பார்த்துவிட்டேன் என்ற அலுப்புத்தான்.

நான் கொம்பியூட்டர் படித்தவன் அல்ல. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த சமாசம் ஒன்றில் தட்டெழுத்தாளனாகச் சேர்ந்தேன். பிறகு கந்தோருக்கு முதல் மெஷின் வந்தது. அதற்கு ஒரு போர்வை. அது இருந்த அறைக்கு ஒரு பூட்டு. பூட்டின் திறப்பு அப்போதைய முகாமையாளரின் இடுப்பில். ஒரு நாள் அது நின்றுபோனபோது பக்கத்தில் இருந்தவன் நான். அதனால் திறந்து பார்த்தவனும் நான். அன்றிலிருந்து அது என் தலையில் விழுந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ சிஸ்டம் மாற்றங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வருவார். பழையவர் வைத்துவிட்டுப் போனதெல்லாம் பிழை என்பார். எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு: புது மருமகள் வந்த அன்றே அடுப்பை இடம் மாற்றுவாள். மாற்றிய அடுப்பிலும் அதே சோறுதான் வேகும், புகை போகிற பக்கம் மட்டும் வேறு. உடப்பு மீனவர் ஒருவர் எங்கள் வாங்கில் இருந்துகொண்டு இதையே தன் பாஷையில் சொன்னார்: "வள்ளத்துக்குப் புதுப் பெயின்ற் அடிச்சா மீன் வந்து ஏறுமா நானா?"

இப்படிச் சொல்வதால் எதையும் மாற்றவேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முந்தலில் ஒரு இறால் பண்ணைக்காரர் என்னைக் கூப்பிட்டார். சிக்கனமாக இருக்கட்டும், எல்லாவற்றையும் இலவச மென்பொருளுக்கு மாற்றித் தாருங்கள் என்றார். நான் போய் அவருடைய மெஷினில் இருந்த தீனிக் கணக்குத் தாளைத் திறந்தேன். எந்தக் குளத்துக்கு எப்போது எவ்வளவு தீனி என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தத் தாளுக்குள் குட்டிக் குட்டியாகக் கட்டளைகள் எழுதி வைத்தவர் அவருடைய மருமகன். மருமகன் இப்போது கட்டாரில். இலவச மென்பொருளில் திறந்தால் தாள் வந்தது, கட்டளைகள் ஓடவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவர் அந்தப் பண்ணையில் ஒருவரும் இல்லை. குளங்களில் குஞ்சு விட்டாயிற்று. நான் சொன்னேன்: "முதலாளி, இந்த ஒரு மெஷினுக்குக் காசைக் கட்டி அனுமதியை வாங்குங்க. அறுவடை முடிய மிச்சத்தக் கதைப்பம்." அவர் தலையாட்டினார். "ஓம் நானா, இறால் குளத்துக்குள்ள இரிக்கக்குள்ள மதகக் கழட்ட ஏலாதுதான்" என்றார். இலவசத்தை விரும்புகிறவன் நான். அன்றைக்குக் காசு கட்டச் சொன்னவனும் நான்தான். எது நல்லது என்பதை மெஷினில் பார்க்க முடியாது. அது எந்த நேரத்தில், யாருடைய கையில் இருக்கிறது என்பதில்தான் பார்க்க வேண்டும்.

இனி நஸீருடைய கதைக்கு வருகிறேன்.

டொலர் ஏறி, எல்லாமே தட்டுப்பாடாகி, வள்ளங்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் கழிந்து கொஞ்ச நாள். மேலிடத்திலிருந்து எங்களுக்கு ஒரு சுற்றுநிருபம் வந்தது: அனுமதி வாங்காமல் ஏற்றி வைத்திருக்கிற மென்பொருள் எல்லாம் மெஷின்களிலிருந்து போகவேண்டும். எங்கள் கந்தோரில் அனுமதியோடு இருந்தது சுவர் மணிக்கூடு மட்டும்தான். வாங்கக் காசு இல்லை. ஆகவே எல்லா மெஷினுக்கும் லினக்ஸும், அதோடு வருகிற இலவச ஒப்பீஸ் மென்பொருளும் என்று முடிவாயிற்று. அந்த முடிவில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முகாமையாளர் சிலாபத்துக்காரர், வயது குறைந்தவர், நல்ல மனுசன். தமிழும் சிங்களமும் அவர் வாயில் ஒரே கோப்பைத் தேத்தண்ணிபோலக் கலந்து வரும்; சரி என்பதற்கு ஹரி என்பார். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நானா, புது சிஸ்டம் போட்டா நஸீரின்ட குரல் மெஷின் வேல செய்யாதுதானே?"

"செய்யும் சேர். இதுலயும் வாசிக்கிற குரல் ஒண்டு இரிக்கி."

அவர் யன்னலைப் பார்த்தார். "ஹரி, குரல் செஞ்சாலும் பழைய பைல் அவருக்கு விளங்காதுதானே. பணிப்பாளர் சபை கேக்கிறது அதத்தான். வாற மாசத்தோட அவர ஐஸ் பெக்டரிக்கு மாத்தச் சொல்லி முடிவு எடுத்தாச்சி. சிஸ்டம் மாத்திறதோட சேத்து அதையும் முடிச்சிடுவம்."

ஐஸ் பெக்டரி வாசலில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் ஒரு மேசை, ஒரு கதிரை, யாரும் எடுக்காத ஒரு போன். அங்கே மாற்றப்பட்டவர்கள் கொஞ்ச மாதத்தில் தாங்களாகவே வேலையை விட்டுப் போவார்கள். அதற்காகத்தான் அந்தக் கதிரை அங்கே கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நஸீருக்குப் பார்வை பிறவியிலேயே இல்லாமல் இருந்ததல்ல. கல்யாணம் முடித்து, இரண்டு பெண் பிள்ளைகளும் பிறந்த பிறகு, ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே வந்தது. முழுதாக மூடுவதற்கு முன்பே மனுசன் விசைப்பலகையை விரலால் பழகிக்கொண்டார். திரையில் இருப்பதை மெஷின் காதுக்குள் வாசிக்கும். அதை ஓடவிடுகிற வேகம் மீன் வாடியில் ஏலம் கூறுகிற வேகம்; நானும் ஒரு தரம் ஹெட்போனைப் போட்டுப் பார்த்தேன், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சங்கச் செயலாளர்கள் எல்லோரையும் போனில் "ஹலோ" என்பதற்குள் அடையாளம் காண்பார். கொஞ்சம் ஆடம்பரம் உண்டு. அத்தர் பூசாமல் வரமாட்டார். காலையில் வந்ததும் எங்கள் தட்டெழுத்தாளர் செல்வராணி அக்காவிடம் கேட்பார்:

"அக்கா, இண்டைக்கு நான் என்ன நிறம்?"

"கத்தரிக்காய் நிறம், தம்பி. ரெண்டு மிளகாயும் போட்டா குழம்பு வைக்கலாம்."

செல்வராணி அக்கா உடப்புக்காரி. தட்டெழுத்து இயந்திரத்தில் தொடங்கி, பாமினி என்கிற பழைய எழுத்துருவில் விரலைப் பழக்கி, கந்தோரின் கடிதம் அத்தனையையும் அதிலேயே அடித்து வைத்தவர். உங்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். அந்தக் காலத்து எழுத்துரு என்பது ஆங்கில எழுத்துகளுக்குப் போட்ட தமிழ்ச் சட்டை. திரையில் பார்த்தால் தமிழ். காகிதத்தில் அடித்தால் தமிழ். சட்டைக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். கண்ணுக்குச் சட்டை போதும். நஸீருடைய மெஷின் சட்டையைப் பார்க்காது, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். ஆகவே அக்கா அடித்த எந்தக் கடிதத்தைத் திறந்தாலும் அவர் காதில் விழுவது ஜே, கே, பீ, ஒரு அரைப்புள்ளி, ஒரு அடைப்புக்குறி. நஸீர் தான் அடிப்பதை, உள்ளேயும் தமிழாகவே இருக்கிற யூனிகோட்டில் அடித்தார். அதைக் குரல் ஒழுங்காக வாசித்தது. பழைய பைல் வேண்டுமென்றால் அக்கா பக்கத்தில் வந்திருந்து வாசித்துக் கொடுப்பார். வருடக்கணக்காக அப்படியே ஓடியது.

முந்திய வருசம் கோயில் தீமிதிக்கு அக்கா லீவில் நின்றார். அன்றைக்கென்று பணிப்பாளர் ஒருவர் வந்து ஒரு பழைய கடிதத்தைக் கேட்டார். நஸீர் திறந்தார். ஹெட்போனிலிருந்து கசிந்த சத்தத்தைப் பணிப்பாளர் குனிந்து கேட்டுவிட்டு, "இவரு என்ன, மந்திரம் ஓதிக் கேக்கிறாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் ஊறி ஊறி, சபைக் கூட்டத்தில் ஐஸ் பெக்டரியாக வெளியே வந்தது.

செய்தி நஸீருக்குப் போகாமல் இருக்குமா? மத்தியானச் சாப்பாட்டு நேரம் என் மேசைக்கு வந்தார்.

"நானா, புது சிஸ்டத்துல எனக்குக் கதிரை இரிக்கா?"

"பாப்பம் நஸீர்."

"கண்ணில்லாதவனுக்கிட்ட பாப்பம் எண்டு சொன்ன முதல் ஆள் நீங்கதான்." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "அங்க ஐஸுக்கும் எனக்கும் ஒரே வேலைதான் நானா. உருகிறது. மூத்தவ ஓ.எல். சோதனை எடுக்கிறா. உருகி முடியிற வரைக்கும் நான் வீட்டுல என்ன சொல்றது?"

எனக்கு உடனே வந்த யோசனை, அவருடைய மெஷினை மட்டும் பழைய சிஸ்டத்திலேயே விட்டு வைப்பது. ஒருவருக்கும் தெரியவராது. அதைச் சொன்னேன். அவர் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு கேட்டார்:

"எல்லாரும் சோறு தின்னக்குள்ள எனக்கு மட்டும் பத்தியக் கஞ்சியா? அது பழுதாப் போனா ஆரு வந்து பாப்பாங்க? நீங்களும் ரெண்டு வருசத்துல போயிடுவீங்க."

சரியான கேள்வி. இதை நீங்களும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இரக்கப்பட்டுத் தனியாக விட்டு வைக்கிற மெஷின், இரக்கப்பட்டவர் போனதும் அநாதை. நல்ல சிஸ்டமோ கெட்ட சிஸ்டமோ, ஒரு கந்தோரில் பலவீனமான ஆளுக்குப் பாதுகாப்பு, மற்ற எல்லோரும் எதில் இருக்கிறார்களோ அதிலேயே அவரும் இருப்பதுதான்.

ஆகவே அவருக்குப் புதியதைக் காட்டினேன். குரலைப் போட்டதும் முகத்தைச் சுளித்தார். "இது ஆரு நானா, மூக்கடைச்சு, தடிமன் பிடிச்ச ஆள்?" கொஞ்சம் கேட்டார். "சரி, தடிமன் சுகமாகிற வரைக்கும் சமாளிப்பம்" என்றார். பழைய பைல் விடயத்தை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோட்டுக்கு மாற்றுகிற கருவிகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். மாற்றினால் போதாது, ஒவ்வொரு கடிதத்தையும் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பதும் தெரியும். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் உளறித் தமிழாகிவிடும். அலுமாரி அலுமாரியாகக் கிடக்கிற வேலை. யாரும் கேட்கவில்லை. நானும் எழுப்பவில்லை. அலுப்பு அப்படித்தான், அது சோம்பேறித்தனத்தைப் பொறுமை என்று காட்டும்.

மாற்றுவதற்கு முன்பு புதிய சிஸ்டத்தை என் மெஷினில் போட்டு எல்லோருக்கும் காட்டினேன். பெண் பார்க்க வந்தவர்கள்போல நின்று பார்த்தார்கள். அக்கா தன் கடிதங்களைத் திறந்தார், எல்லாம் வந்தன. "வேர்ட் இல்லாட்டி எனக்கு விரல் இல்லையெண்டு நினைச்சன். பரவாயில்ல" என்றார். முகாமையாளர், "ஹரி, எல்லாத்துக்கும் போடுங்க" என்றார். சனி ஞாயிறு இருந்து எல்லா மெஷினுக்கும் போட்டு முடித்தேன்.

திங்கட்கிழமை காலையில் கூட்டம். மண்ணெண்ணெய் நிவாரணத்துக்கு மீனவர்கள் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்கிற கடிதத்தைச் சங்கத் தலைவர்மாரிடம் கொடுத்து அனுப்பவேண்டும். தலைவர்மார் நேரத்தோடேயே வந்துவிட்டார்கள். நல்ல பிரிண்டர் முகாமையாளரின் அறையில் இருந்ததால் அக்கா கடிதத்தை அங்கேயே திறந்தார். திறந்ததும் ஒரு கத்தல்.

"நானா! ஓடி வாங்க! எழுத்தெல்லாம் செத்துப்போச்சு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். ஒரு சொல்லுக்கும் பொருள் இல்லை. அடுத்த மெஷினில் திறந்தார்கள், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. முகாமையாளர் என் தோளைப் பிடித்தார். "நானா, எல்லாப் பைலும் போச்சா? ஆண்டவரே, இத்தன வருசத்துப் பைலும் போச்சா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் மெஷினில் பாமினி எழுத்துருவை எப்போதோ நானே ஏற்றி வைத்திருந்தேன். ஏற்றியதை மறந்தும் போனேன். மற்ற மெஷின்களுக்கு அது போகவில்லை. சட்டை கழன்றுவிட்டது, அவ்வளவுதான். இந்த வேலை செய்கிறவர்கள் மட்டும் செய்கிற பிழை இது. நாங்கள் எப்போதும் எங்கள் சொந்த மெஷினில்தான் சோதித்துப் பார்ப்போம். அதில்தான் எல்லா மருந்தும் ஏற்கெனவே ஏறியிருக்கும். நீங்கள் சோதிக்கும்போது, கந்தோரிலேயே கவனிப்பாரற்ற மெஷின் எதுவோ அதில் சோதியுங்கள்.

அந்த எழுத்துரு என் சட்டைப்பையில் இருந்த பென் டிரைவில் கிடந்தது. செருகி, ஏற்றி, மூடித் திறந்தால் எல்லாம் பழையபடி. வெளியே வாங்கிலிருந்து ஒருவர், "என்ன நானா, உள்ளுக்குள்ள சுறாவா?" என்று சத்தம் போட்டார். என் கை பைக்குள் போயிற்று.

அப்போது நஸீர் கதவடிக்கு வந்தார். "என்ன, கரண்ட் போயிட்டா?"

"கரண்ட் இருக்கு, எழுத்தில்ல!" அக்காவுக்கு அழுகை வரும்போல இருந்தது. "ஜே, கே, பீ, அரைப்புள்ளி… இதென்ன தம்பி, இது என்ன பாஷை?"

நஸீர் தலையைச் சாய்த்துக் கேட்டார். மெதுவாகச் சிரித்தார். "இது உங்கட கடிதம் அக்கா. எனக்கு ஒவ்வொரு நாளும் இப்படித்தான் வாறது. இண்டைக்குத்தான் உங்களுக்கும் வந்திரிக்கி."

முகாமையாளர் திரையைப் பார்த்தார், நஸீரைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். நான் கையைப் பையிலிருந்து வெறுமையாக வெளியே எடுத்தேன்.

தம்பிமாரே, நெருக்கடி நேரத்தில் நம் கை நம் புத்தியை விட வேகமானது. கைக்குத் தெரிந்த மருந்தைக் கை தானாகவே போட்டுவிடும். போட்டிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும், நானும் கெட்டிக்காரன் ஆகியிருப்பேன், அக்காவும் கண்ணைத் துடைத்திருப்பார், நஸீர் மாதம் பிறக்க ஐஸ் பெக்டரிக்குப் போயிருப்பார். அந்தக் கந்தோரில் எல்லோரும் நஸீருடைய இடத்தில் நின்றது அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். அந்த நேரத்தை நான் மூடிவிட்டால் அது பிறகு திறக்காது.

"சேர், பைல் ஒண்டும் போகல்ல" என்றேன். "ரெண்டு வழி இரிக்கி. ஒண்டு, பழைய எழுத்துருவப் போடுறது. உடனே எல்லாம் வரும். ஆனா அது கண்ணுக்கு மட்டும்தான் வரும்; இன்னொரு நாள் இன்னொரு மெஷினுக்குப் போனா இதே கூத்துத்தான். மற்றது, எழுத்தையே மாத்திறது. மாத்தினா எந்த மெஷின்லயும் வரும், எந்த சிஸ்டத்துலயும் வரும். நஸீருக்கும் வரும். அது நாள் பிடிக்கிற வேல."

"நானா, கூட்டம்!" என்றார் முகாமையாளர்.

"இண்டைக்கு இந்த ஒரு கடிதத்த ரெண்டாவது வழியில செய்வம். அவசரத்துக்கு மிச்சத்துக்குப் பழையதப் போட்டுத் தாறன். ஆனா பிறகு எல்லாத்தையும் மாத்த வேணும். அதுக்கு நீங்க ஓம் எண்டு சொல்ல வேணும்."

பேரம் பேசுகிற நேரமல்ல அது. அதனால்தான் பேசினேன். அவர் வெளியே வாங்கைப் பார்த்தார். "ஹரி நானா, ஓம். செய்யுங்க."

"அவ்வளவையும் ஆர் சரிபார்க்கிறது? என்ட கண்ணு பூத்துப்போகும்" என்றார் அக்கா.

"அத ஒரு ஆள் கண்ணில்லாமலே பாப்பார், பொறுங்க" என்றேன். சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன். அது எவ்வளவு உண்மை என்று எனக்கு அப்போது தெரியாது.

கடிதத்தின் எழுத்துகளை எடுத்து மாற்றுகிற கருவிக்குள் போட்டேன். தலைப்பில் இருந்த இரண்டு ஆங்கிலச் சொற்கள் உளறின. அவற்றைக் கையால் திருத்தினேன். திரையில் தமிழ் வந்தது. "வந்திட்டு! வந்திட்டு!" என்று அக்கா கையைத் தட்டினார். எல்லோரும் குனிந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். கொம்பு இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா, வரி உடைந்திருக்கிறதா. நானும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. முகாமையாளர் தன் கதிரையில் உட்கார்ந்து, பிரிண்ட் கொடுக்கக் கையை நீட்டினார்.

அப்போதுதான் கதவு நிலையில் நின்ற நஸீர், கண்ணுள்ள ஆக்கள் எல்லாரும் பாத்து முடிஞ்சிதானே என்று கேட்டார். நான் ஒருக்கா கேட்டுப் பாக்கட்டா, சேர் என்றார்.

முகாமையாளர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு எழுந்து இடம் விட்டார். நஸீர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு வந்து, கதிரையின் முதுகைப் பிடித்து, அதில் அமர்ந்தார். சிஸ்டத்தோடு வருகிற வாசிப்புக் குரல் அந்த மெஷினிலும் சும்மா கிடந்தது. அதை எழுப்பினார். ஹெட்போன் இல்லை, குரல் அறை முழுக்கக் கேட்டது. தடிமன் பிடித்த அந்தத் தமிழ், விலாசத்தை வாசித்தது, அன்புடையீர் என்றது, நிவாரணத்தின் விபரத்தைச் சொன்னது. வாங்கில் இருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். குரல் சொல்லிக்கொண்டே போயிற்று: விண்ணப்பங்கள் யாவும் இவ்வருடம் சித்திரை மாத முடிவுக்கு முன்னர்…

நஸீர் நிறுத்தினார்.

"சித்திரையா?"

அப்போது ஆவணி.

"ஐயோ, அது போன முறைக் கடிதம்" என்று அக்கா வாயைப் பொத்தினார். "தலைய மட்டும்தானே மாத்தினனான்."

எங்கள் கந்தோரின் வழமை அதுதான். புதுக் கடிதம் என்று ஒன்றும் இல்லை. பழையதைத் திறந்து, மேலே திகதியை மாற்றி, பெயரை மாற்றி அடிப்போம். அக்கா மட்டுமல்ல, நானும் அப்படித்தான். அன்றைக்கு அவ்வளவு பேரும் குனிந்து பார்த்தோம். எழுத்து வந்திருக்கிறதா என்று பார்த்தோம். ஒருவரும் வாசிக்கவில்லை. அந்தக் கடிதம் அப்படியே போயிருந்தால் தலைவர்மார் துறையில் போய், திகதி முடிந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். எந்த மீனவர் எழுதிப் போட்டிருப்பார்?

"ஆவணி முடிவு" என்றார் முகாமையாளர், குரல் தாழ்ந்து.

நஸீர் அந்த இடத்துக்குப் போய், சித்திரையை அழித்து, ஆவணியை அடித்தார். முழுக் கடிதத்தையும் திரும்பவும் வாசிக்க விட்டுக் கேட்டார். பிறகு தானே பிரிண்ட் கொடுத்தார். காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. முகாமையாளருக்கு உட்காரக் கதிரை இல்லை. அலுமாரியில் வைத்து, நின்றபடியே ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். கடைசித் தாளில் பேனையை மூடிவிட்டுச் சொன்னார்:

"நஸீர், அந்த ஐஸ் பெக்டரி கத… அத நான் சபைக்கிட்டக் கதைக்கிறன். பாப்பம்."

"பாக்கிறத நீங்க பாருங்க சேர்" என்றார் நஸீர். "கேக்கிறத நான் கேக்கிறன். அக்கா, அடுத்த கடிதம் எது? அதையும் மாத்தச் சொல்லுங்க நானாவ."

எழும்புவார் என்று நாங்கள் நின்றோம். அவர் எழும்பவில்லை. முகாமையாளரின் கதிரை அவருக்குக் கொஞ்சம் உயரம். இருக்கைக்குக் கீழே கையை விட்டு, தடவித் தடவி, கைப்பிடியைக் கண்டுபிடித்து, அதைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.